முயலுக்கு வைத்த கஷாயம்

கூண்டுக்காரருக்கு மனுஷர்கள் மேல் பொறாமை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன் புது வண்டி வாங்கினால் போய்ச் சுற்றிப் பார்த்து, ஹாரனை அடித்துவிட்டு வருவார். தங்கை புருஷனுக்குப் பதவி உயர்வு வந்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். அவருக்குப் பொறாமை எல்லாம் முயல்கள் மேல்தான். அதுவும் எல்லா முயல் மேலும் இல்லை, சிவப்பு அட்டை தொங்குகிற கூண்டில் இருந்த முயல்கள் மேல் மட்டும். கேட்டால் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கும். அந்தக் கிறுக்குத்தனம்தான் கடைசியில் அவர் காலைத் தின்றது.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பின்பக்கம், துணி வெளுக்கிற கூடத்துக்கும் ஆக்சிஜன் சிலிண்டர் அடுக்கிய கொட்டகைக்கும் நடுவில், ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை. மேல்வரிசையாகவும் கீழ்வரிசையாகவும் கம்பிக் கூண்டுகள். வாலிப வயதில் அந்த அறைக்குள் போனவர், தலை நரைக்கும்வரை அங்கேயேதான். கூண்டு கழுவுவது, தீனி போடுவது, மருந்து புகட்டுவது, டாக்டர்கள் ஊசி போடும்போது முயலை அசையாமல் பிடிப்பது, எல்லாம் முடிந்த பிறகு அதே முயலைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லக் கொடுப்பது. ஒரு கை பிடரியில், ஒரு கை பின்பக்கத்துக்கு அடியில். காதைப் பிடித்துத் தூக்குகிறவனைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்காக இளகிய மனசு என்று நினைத்துவிட வேண்டாம். காதைப் பிடித்துத் தூக்கினால் முயல் உதைத்துத் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். அப்புறம் டாக்டரம்மாவிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? முயல்களுக்கு அவர் பெயர் வைத்ததே இல்லை. அறுக்கப் போகிற உருப்படிக்குப் பெயர் ஒரு கேடா என்பார்.

டாக்டரம்மாதான் அந்த அறைக்குச் சொந்தக்காரி மாதிரி. அவர் செய்துகொண்டிருந்தது செத்த எலும்புக்கு உயிர் கொடுக்கிற ஆராய்ச்சி. தொடை எலும்பின் மேல் நுனியில் ஓர் உருண்டை இருக்கிறது. இடுப்புக் குழிக்குள் உட்கார்ந்து சுழல்வது அதுதான். அதற்குப் போகிற ரத்தம் நின்றுபோனால் உருண்டை உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. கொஞ்ச காலம் கழித்து நொறுங்கும், அதோடு நடை போச்சு. இதை முயலுக்கு வேண்டுமென்றே வரவழைத்து, பிறகு குணமாக்கிப் பார்க்க வேண்டும். வரவழைப்பது சுலபம், ஸ்டீராய்டு ஊசி போதும். குணமாக்கத்தான் இரண்டு வழி வைத்திருந்தார். முயலின் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை எடுத்து, கண்ணாடித் தட்டில் பெருக்கி, செத்த எலும்புக்குள் செலுத்துவது ஒன்று. ஒரு காட்டுக்கொடியின் வேரைக் காய்ச்சிய கஷாயத்தைத் தினமும் வாயில் புகட்டுவது இன்னொன்று. வெள்ளை அட்டை முயலுக்கு ஒன்றும் கிடையாது. மஞ்சளுக்குக் கஷாயம் மட்டும், நீலத்துக்குச் செல் மட்டும். சிவப்பு அட்டைக்கு இரண்டும்.

முதல் சுற்றில் வெள்ளையும் மஞ்சளும் நொண்டிக்கொண்டே கிடந்தன. நீலம் ஏதோ பரவாயில்லை. சிவப்பு அட்டை முயல்கள் மட்டும் கூண்டுக் கம்பியை உதைத்துத் துள்ளின. அறுத்துப் பார்த்தபோது உருண்டை முழுக்கப் புது எலும்பு. அன்றைக்கு டாக்டரம்மா அந்த நாற்றம் பிடித்த அறைக்குள்ளேயே ஓடி வந்து கூண்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையில் முயல் மூத்திரம் இருந்தது. சந்தோஷத்தில் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

அதே சமயத்தில்தான் கூண்டுக்காரருக்கு வலது தொடை இடுக்கில் வலி ஆரம்பித்தது. சுளுக்கு என்று சொல்லிச் சமாளித்தார். ஆனால் அவர் மனைவியிடம் நடையை மறைக்க முடியாது. அவள் தையல் கடையில் கால்சட்டைக்கு அடி மடித்துத் தைக்கிறவள். வருகிறவன் கடைப்படி ஏறுவதைப் பார்த்தே எந்தக் கால் குட்டை என்று சொல்லிவிடுவாள். வலது காலை முழுசாக ஊன்றாமல் நடக்கிறீர்கள், போய்க் காட்டுங்கள் என்று நச்சரித்தாள். இவருக்கோ தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். சுளுக்குத்தான் என்று மழைக்காலம் முழுக்கச் சாதித்துவிட்டு, ஒருநாள் கூண்டு கழுவக் குந்தியவர் எழுந்திருக்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்திருந்தபோது டாக்டரம்மா பார்த்துவிட்டார். தூக்கிக்கொண்டு போய்ப் படம் எடுத்தார்கள். முயல்களுடைய படங்களை வருஷக்கணக்கில் அடுக்கி வைத்தவருக்குத் தன் படத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதே உருண்டை, உள்ளே அதே கறுப்பு.

என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். முயல் ரோமம் பட்டுப் பட்டு அவருக்கு இளைப்பு வந்து பல வருஷமாகிறது. மருந்துக்கடைக்காரன் ஒரு குட்டி வெள்ளை மாத்திரை கொடுப்பான். போட்ட அரை மணியில் நெஞ்சு திறந்துகொள்ளும். எந்த டாக்டரிடமும் கேட்காமல் அதை மிட்டாய் மாதிரி போட்டுக்கொண்டிருந்தார். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். டாக்டரம்மா அதன் பெயரை இரண்டு தடவை படித்தார்.

"அண்ணே, நாம முயலுக்குப் போடற ஊசியும் இதுவும் ஒரே ஜாதி மருந்துதான்" என்றார்.

முயல்களுக்கு வேண்டுமென்றே செய்தார்கள். இவர் தானே காசு கொடுத்து வாங்கிச் செய்துகொண்டார். மற்றபடி அவருக்கும் கூண்டில் இருந்ததுகளுக்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை.

உருண்டையை எடுத்துவிட்டு இரும்பு உருண்டை வைக்கலாம் என்றார்கள். எத்தனையோ பேர் வைத்துக்கொண்டு நன்றாகத்தான் நடமாடுகிறார்கள். ஆனால் இரும்பு வைத்த பிறகு குந்தி உட்காரக் கூடாது. கீழ்வரிசைக் கூண்டைக் குந்தாமல் கழுவ முடியாது. அந்த வேலை போனால் அவருக்கு வேறு வேலை தெரியாது, அந்த வயதில் புதிதாகக் கற்றுக்கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறவனும் கிடையாது. டாக்டரம்மாவுக்கு அது தெரியும். அதனால்தான் ஒரு வார்த்தை கொடுத்தார். உருண்டை இன்னும் நொறுங்கவில்லை, அடுத்த வருஷம்வரை தாங்கும், கைத்தடி வைத்துக்கொண்டு பாரம் போடாமல் நடங்கள். இரண்டாவது சுற்று முயல்களும் முதல் சுற்று மாதிரியே தேறிவிட்டால் மனுஷர்களுக்குச் செய்து பார்க்க அனுமதி கிடைக்கும். அந்தப் பட்டியலில் முதல் ஆள் நீங்கள்தான். கூடவே, செல்தான் எலும்பைக் கட்டும், அது சாகாமல் இருக்க ரத்தத்தை வரவழைப்பதுதான் கஷாயத்தின் வேலை என்றும் நடந்துகொண்டே சொன்னார். கூண்டுக்காரர் தலையை ஆட்டினார். முதல் ஆள் என்கிற சொல்லுக்குப் பிறகு அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

இரண்டாவது சுற்று தொடங்கியது. புதிதாக வந்த கொழுத்த முயல்களுக்கு ஊசி போட்டு நொண்ட வைத்தார்கள். பிறகு சிவப்புக்கும் நீலத்துக்கும் செல் செலுத்தினார்கள். கஷாயம் பாட்டிலில் வந்து குளிர்பெட்டியில் உட்கார்ந்தது. மாறிப் போகாமல் இருக்க, மஞ்சள் கூண்டுகளுக்கானது மஞ்சள் மூடி, சிவப்புக் கூண்டுகளுக்கானது சிவப்பு மூடி. தினம் காலையில் ஊசி இல்லாத பீச்சாங்குழலில் உறிஞ்சி, முயலின் கடைவாயில் வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். இதில் கூண்டுக்காரரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

சிவப்பு முயல் ஒன்று மருந்தைக் குடித்துவிட்டு மூக்கை நக்கிக்கொள்ளும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். அறுபடப் போகிற ஜீவன், அதற்கு இடுப்பு நேராகி என்ன ஆகப் போகிறது? சம்பளம் வாங்கப் போகிறதா, மாடிப்படி ஏறப் போகிறதா? வீட்டில் ஒருநாள் இதை வாய்விட்டுச் சொன்னார். மனைவி கையில் இருந்த கால்சட்டையைக் கீழே வைத்தாள்.

"முதல் ஆளு முதல் ஆளுன்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்க. அதுவரைக்கும் அந்த எலும்பு உங்களுக்காகக் காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்குமா? மருந்து உங்க கையிலதான் இருக்கு. முயல் என்ன, வந்து புகாரா சொல்லப்போகுது?"

அவள் கெட்டவள் இல்லை. புருஷன் காலை இழுத்து இழுத்து நடப்பதைத் தினம் பார்க்க முடியாமல் சொன்னாள். அவளுக்கு ஆராய்ச்சி என்றால் என்ன தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவர் இவர்தான்.

மறுநாள் குளிர்பெட்டியைத் திறந்தபோது இரண்டு பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இங்கேதான் கூண்டுக்காரர் தன் மூளையை உபயோகித்தார். மஞ்சள் மூடியை எடுத்தார், யோசித்தார், திரும்ப வைத்தார். முதல் சுற்றில் மஞ்சள் முயல்கள் கடைசிவரை நொண்டியதைக் கண்ணால் பார்த்தவர் ஆயிற்றே. சோதாச் சரக்கு. குடித்தால் நல்ல சரக்கைத்தான் குடிக்க வேண்டும், துள்ளிக் குதித்த முயல் குடித்த சரக்கை. சிவப்பு மூடியைத் திருகித் திறந்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று ஊரார் புலம்புவார்கள். இவருக்கு வாய்க்கும் எட்டியது.

குடித்த அளவுக்கு ஏதாவது ஊற்றியாக வேண்டும். தண்ணீர் ஊற்றினால் நிறம் வெளுத்தது. ஆகவே பாலில்லாத டீயைக் கொண்டுவந்து ஆறவைத்து ஊற்றினார். நிறம் அச்சு அசலாக ஒத்துப்போனது. காலையில் பாதியை அங்கேயே குடிப்பார், சாயங்காலத்துக்குக் கொஞ்சம் பழைய இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். போகப் போகச் சிவப்பு பாட்டிலில் கஷாயத்தைவிட டீதான் அதிகம். முயல்கள் டீ குடித்து வளர்ந்தன. டீ குடித்த முயல் சும்மா இருக்குமா? கண்ணை உருட்டிக்கொண்டு கூண்டுக்குள் பரபரத்தன. அதைப் பார்த்து, இந்தத் தடவை முன்னைவிடச் சுறுசுறுப்பாக இருக்கிறதே, சரக்கு ஜோர்தான் என்று இன்னொரு மடக்குக் குடித்தார்.

அவருக்கும் வலி குறைந்தது. நம்பிக்கைக்கு அந்தக் குணம் உண்டு, கொஞ்ச நாள் கூடவே நடந்து வரும். கைத்தடியைப் பரண்மேல் தூக்கிப் போட்டார். ஆஸ்பத்திரி மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல் ஏறினார். மனைவி வாசலில் நின்று அவர் வருகிற நடையைப் பார்த்து, ஓரளவு நேராகிவிட்டது என்று சொன்னாள். கால்சட்டைக்காரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பினார். அவள் பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

நடுவில் ஒருநாள் சிவப்பு முயல் ஒன்று பின்னங்காலை இழுத்தது. மறுநாள் இன்னொன்று. கூண்டுக்காரருக்குச் சுருக்கென்றது. அது முயலுக்காக வந்த வருத்தம் இல்லை. இதுகள் தேறினால்தானே தனக்கு அனுமதி என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. உடனே குடிப்பதை நிறுத்திவிட்டு முயல்களுக்கு முழு அளவும் கொடுத்தார். அந்த யோக்கியம் வாரக் கடைசிவரைகூட நிற்கவில்லை. ஒரு காலையில் படுக்கையிலிருந்து இறங்கியபோது தொடை இடுக்கில் கத்தியைச் செருகியதுபோல் வலித்தது. மருந்தை விட்டதால்தான் வலி என்று முடிவு கட்டினார். இத்தனை முயலில் ஒன்றிரண்டு இழுத்தால்தான் என்ன என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டு சிவப்பு மூடியைத் திறந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அது கத்திக் கெட்டது, இவர் குடித்துக் கெட்டார்.

சுற்று முடிந்து முயல்களை வரிசையாகப் படம் எடுத்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் டாக்டரம்மா படங்களோடு அறைக்கு வந்து, தீனி மூட்டை மேல் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து கூண்டுக்காரர் பார்த்ததில்லை. சிவப்பும் நீலமும் ஒரே மாதிரி இருக்கிறது என்றார். கஷாயம் குடித்த முயலுக்கும் குடிக்காத முயலுக்கும் வித்தியாசமே இல்லை. உள்ளே போட்ட செல் பாதிக்குமேல் ரத்தம் இல்லாமல் செத்திருக்கிறது. படங்களை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சிவப்புக்குத் தினமும் முழு அளவும் உள்ள போச்சுல்ல?"

ஒரு கணம்தான். வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது.

"ஒரு சொட்டு சிந்தலைங்கம்மா."

அது உண்மைதான். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டார். அப்படியென்றால் முதல் சுற்றில் ஏதோ தற்செயலாக நடந்திருக்கிறது, மூலிகை பிரயோஜனமில்லை என்று எழுதி அனுப்பிவிட வேண்டியதுதான் என்றார். மனுஷர்களுக்குச் செய்ய அனுமதி கிடைக்காது. இதற்கு இனிமேல் பணம் ஒதுக்க மாட்டார்கள். உங்களுக்கு ஆசை காட்டிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

கூண்டுக்காரருக்கு அப்போதும் ஒரு கணக்கு இருந்தது. அனுமதி போனால் போகட்டும், மருந்து இருக்கிறதே.

"அந்த சிவப்பு மூடி பாட்டில்ல மிச்சம் இருக்குங்கம்மா. அதையாவது நான் குடிக்கலாமா?"

டாக்டரம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "சிவப்பும் மஞ்சளும் ஒரே பானையில காய்ச்சினதுதான் அண்ணே, மூடிதான் வேற. செல்லுக்கு உயிர் குடுக்கும்னு நம்பித்தான் கஷாயம் வச்சோம். செல் போடாத உடம்புக்கு அது வெறும் வேர்த் தண்ணி. வாளி வாளியாக் குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

கூண்டுக்காரர் கையில் இருந்த பிரஷ்ஷைத் தொட்டியில் வைத்தார். மஞ்சளைக் குடித்திருக்கலாம். எப்படியும் தேறாத முயல்களின் பங்கு, யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. சிவப்பு முயல்கள் துள்ளியிருக்கும். இந்நேரம் தன் மஜ்ஜையை எடுத்துக் கண்ணாடித் தட்டில் விட்டிருப்பார்கள். அதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்குப் புரிந்தது. இப்போது சொன்னால்கூடப் போதும், நான்தான் குடித்தேன் என்று. வேலை போகும், மானம் போகும். ஆனால் டாக்டரம்மா இன்னொரு சுற்று வைத்துப் பார்ப்பார், எங்கெங்கோ நொண்டிக்கொண்டு கிடக்கிறவர்களுக்கு அந்தக் கஷாயம் போய்ச் சேரும். ஒருவேளை அவருக்கும்கூட. வாயைத் திறந்தார்.

"அனுமதி குடுக்கற கமிட்டியில கேட்டாங்க, மருந்து சரியாப் போகலையோன்னு" என்றார் டாக்டரம்மா எழுந்துகொண்டே. "நான் சொல்லிட்டேன். எதுல வேணும்னாலும் தப்பு வரும், எங்க அண்ணன் கையில வராதுன்னு."

திறந்த வாயை மூடிக்கொண்டார். திட்டியிருந்தால் சொல்லியிருப்பார், சந்தேகப்பட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார். எல்லாவற்றையும் நாளைக்கு மேலே கொண்டுவந்துவிடுங்கள், அறுத்துப் பார்ப்பதுதான் பாக்கி என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போய்விட்டார்.

மறுநாள் அவரேதான் தூக்கிக்கொண்டு போனார். ஒரு கை பிடரியில், ஒரு கை பின்பக்கத்துக்கு அடியில். வெள்ளை, மஞ்சள், நீலம் எல்லாம் போய்ச் சேர்ந்தன. சிவப்பைக் கடைசியாக வைத்திருந்தார். முதலில் காலை இழுத்த முயலைத் தூக்கியபோது அது அவர் விரல்களை மோந்து, மருந்து என்று நினைத்து நக்கியது. அதன் வலது பின்னங்கால் அவர் கையில் துவண்டு தொங்கியது. இவர் வலது காலை இழுத்துக்கொண்டு படி ஏறினார். கைப்பிடியைப் பிடிக்கக் கை ஒழிவில்லை. பாதிப் படியில் இடுப்புக்குள் ஏதோ நெறுக்கென்று இறங்கியது. அவருக்கு அந்தச் சத்தம் தெரியும், கூண்டுகளில் கேட்டிருக்கிறார். முயலைக் கீழே விடாமல் சுவரில் சாய்ந்து நின்றார். வலியில் கண்ணீர் வந்தது. பிறகு மிச்சப் படிகளையும் ஏறி, முயலைக் கொடுத்துவிட்டு, அடுத்ததை எடுக்கக் கீழே இறங்கினார்.

சாயங்காலம் வீட்டுக்குள் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மனைவி கால்சட்டை ஒன்றை மடியில் போட்டு ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவர் நடையை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து போய், அலமாரியிலிருந்த இருமல் மருந்து பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, சொட்டுச் சொட்டாக டம்ளரில் வடித்துக்கொண்டு வந்தாள்.

"இன்னிக்கு ரொம்ப நடந்துட்டீங்க போல. இதைக் குடிங்க, சரியாப் போயிடும்."

கூண்டுக்காரர் டம்ளரைப் பார்த்தார். அவளிடம் சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். சொன்னால், முயலா வந்து சொல்லப்போகிறது என்று தான் கேட்டது அவளுக்கு நினைவு வரும். சாகிறவரை வந்துகொண்டே இருக்கும். வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். அவள் டம்ளரை எட்டிப் பார்த்து, அடியில் ஒட்டியிருந்ததையும் விடாமல் குடிக்கச் சொன்னாள். அதையும் குடித்தார்.

"இதோட தீர்ந்துபோச்சு" என்றாள். "நாளைக்குக் கொஞ்சம் சேர்த்தே எடுத்துட்டு வாங்க. அந்த முயலுங்களுக்கு எதுக்கு அவ்வளவு?"

"சரி" என்றார் கூண்டுக்காரர்.